ஒளி, நீர், இரண்டு படைகள்

ஒளியைக்கொண்டு நீரிலிருந்து ஐதரசன் எடுக்கலாம் என்பதை யப்பானியர்களான ஃபுஜிஷிமாவும் ஹொண்டாவும் 1972இல் எழுதினர். அவர்கள் மின்வாயாக வைத்த தைத்தேனியம் ஈரொட்சைட்டு வெள்ளைப் பெயின்றில் இருக்கும் அதே பொருள்தான். இங்கே தொழிற்சாலையில் நான் மூட்டை மூட்டையாகத் தூக்குவதும் அதையே. மலிவு, அரிபடாது. ஆனால் ஊதாக்கடந்த ஒளியை மட்டுமே உறிஞ்சும். சூரிய ஒளியில் அது ஏறத்தாழ 5 வீதம்.

கட்மியம் சல்பைட்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உறிஞ்சும். அதன் குறை வேறு. ஒளிபட்டுக் கிளம்பிய இலத்திரன் விட்டுச்சென்ற துளை சல்பைட்டையே அரிக்கிறது. அல்லது இலத்திரன் துளைக்கே திரும்பி விழ, பெற்ற சக்தி வெப்பமாகிப் போகிறது.

இரண்டையும் படைகளாக ஒட்டினால்? (படை என்றதும் நம்மவர் வேறெதையும் நினைக்கவேண்டாம்.) சல்பைட்டில் எழும் இலத்திரன், சக்திமட்டம் சற்றுத் தாழ்ந்த ஈரொட்சைட்டுக்குள் இறங்கிவிடும், அங்கே பிளாற்றினத் துகளின் உதவியோடு ஐதரசனை விடுவிக்கும். துளையோ சல்பைட்டிலேயே தங்கும். பிரிந்தவை மீளச் சேர்வது குறைகிறது.

ஆனால் துளையின் அரிப்பு நிற்கவில்லை. அதற்கு இரையாகக் கரைசலில் சோடியம் சல்பைட்டுச் சேர்ப்பார்கள். ஆய்வாளர் அதற்கு வைத்த பெயர் 'பலிப்பொருள்'. அப்போது ஒட்சிசன் வராது. பலிப்பொருள் தீர்ந்தால் ஐதரசனும் நிற்கும். இதை நீரைப் பிரித்தல் என்பது பிழை. விரிவுரையாளனாக இருந்த காலத்தில் நானும் இதைச் சொல்லாமலே தாண்டியதுண்டு. கட்டுரைகளில் வரும் பெரிய எண்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படியொரு பலி இருக்கிறது.

பலிப்பொருளின்றி 100 சதுர மீற்றர் பரப்பில் யப்பானியர் இயக்கிய தகடுகளின் உச்ச வினைத்திறன், 2021இல் வெளியான கணக்குப்படி, 0.76 வீதம். அவையும் ஊதாக்கடந்த ஒளியையே நம்பியிருந்தன.