இங்கிலாந்தில் இடமில்லை, அமெரிக்காவில் 27 கோல்: பிராட்லி ரைட்-பிலிப்ஸின் கணக்கை எப்படிப் படிப்பது?

முதலில் இந்த எண்களைப் பாருங்கள்: 1, 27, 17, 24, 17, 20.

2013 முதல் 2018 வரை, அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கரில் (சுருக்கமாக எம்எல்எஸ்) நியூயார்க் ரெட் புல்ஸ் அணிக்காக ஒரே ஆள் ஒவ்வொரு சீசனிலும் போட்ட கோல்கள் இவை. மொத்தம் 106. பெயர் பிராட்லி ரைட்-பிலிப்ஸ், இங்கிலாந்துக்காரர். 28 வயதில் அமெரிக்கா போனபோது அவரை வரவேற்கப் பெரிய கூட்டமெல்லாம் இல்லை. இங்கிலாந்தில் அவருடைய கிளப், ஒப்பந்தம் முடிந்ததும் அவரைப் போகவிட்டிருந்தது.

'அமெரிக்க லீக் ஈஸி, அதான் கோல் விழுந்துச்சு' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் வேறு ஒரு கதை தெரிகிறது.

யார் இந்த பிராட்லி?

1985-ல் லண்டனில் பிறந்தவர். ஆர்சனல் ரசிகர்கள் கொண்டாடும் இயன் ரைட்டின் மகன். ஆர்சனலுக்காக 185 கோல் போட்ட இயன் ரைட்டின் சாதனையை 2005-ல் முறியடித்தவர் தியரி ஹென்றி. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவார்.

அண்ணன் ஷான் ரைட்-பிலிப்ஸ், செல்சி பெரிய தொகை கொடுத்து வாங்கிய விங்கர். இங்கிலாந்துக்காக 36 ஆட்டங்கள் ஆடியவர். தம்பி பிராட்லிக்கு சீனியர் தேசிய அணியிலிருந்து ஒரு முறைகூட அழைப்பு வரவில்லை.

இங்கிலாந்தில் என்ன நடந்தது?

அண்ணனைப் போலவே மான்செஸ்டர் சிட்டியின் இளையோர் அணியில் வளர்ந்தார். சிட்டிக்காக லீக் ஆட்டங்களில் போட்டது 2 கோல். பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகக் கடைசி நிமிடங்களில் இறக்கிவிடப்பட்டார். 2006-ல் இரண்டாம் டிவிஷனில் இருந்த சவுத்தாம்ப்டனுக்குப் போனார். அங்கே சில சமயம் விங்கில், சில சமயம் முன்வரிசையில் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. பிறகு பிளிமத், 2011-ல் சார்ல்டன்.

கவனிக்க வேண்டிய இடம் சார்ல்டன்தான். 2011-12 சீசனில் அந்த அணி மூன்றாம் டிவிஷனில் சாம்பியன் ஆனது. பிராட்லி அணியின் முதன்மை ஸ்ட்ரைக்கர், லீக்கில் 22 கோல். அணி மேல் டிவிஷனுக்குப் போனதும் அவருடைய இடம் போனது. அடுத்த சீசன் பாதியில் பிரென்ட்ஃபோர்டுக்கு லோனில் அனுப்பினார்கள். 2013 கோடையில் ஒப்பந்தமும் முடிந்தது.

அமெரிக்காவில் எப்படி இடம் கிடைத்தது?

இதற்கு எம்எல்எஸ் எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. கடைசி இடத்துக்கு வந்தாலும் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்காது. சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பைத் தாண்டி மிகச் சில நட்சத்திரங்களுக்கு மட்டும் அதிகச் சம்பளம் தரலாம். 2007-ல் டேவிட் பெக்காம் வந்தபோது உருவான விதி என்பதால், இதை 'பெக்காம் விதி' என்றே அழைக்கிறார்கள்.

விளைவு என்ன? கையில் இருக்கும் பணத்தின் பெரும்பகுதி இரண்டு மூன்று பேருக்குப் போய்விடும். மீதி அணியைக் குறைந்த செலவில் கட்ட வேண்டும். ரெட் புல்ஸில் அந்த நட்சத்திர இடங்கள் தியரி ஹென்றிக்கும் ஆஸ்திரேலியாவின் டிம் கேஹிலுக்கும் போயிருந்தன. பிராட்லி வந்தது அதற்குக் கீழே இருந்த வரிசையில். 2013-ல் ஒரே ஒரு கோல்.

அந்த சீசன் முடிந்ததும் அணியின் ஸ்ட்ரைக்கர் ஃபாபியன் எஸ்பின்டோலா வேறு கிளப்புக்குப் போனார். நடுவில் ஒரு இடம் காலியானது, அது பிராட்லிக்குக் கிடைத்தது. 2014-ல் 27 கோல். கடைசி ஆட்டத்தில் கன்சாஸ் சிட்டிக்கு எதிராக இரண்டு கோல் போட்டு, ஒரே சீசனில் அதிக கோல் என்ற லீக் சாதனையைச் சமன் செய்தார். 1996-ல் தொடங்கிய லீக்கில் அதுவரை அந்த எண்ணைத் தொட்டவர்கள் இருவர்தான்: 1996-ல் ராய் லாசிட்டர், 2012-ல் கிறிஸ் வோண்டோலோவ்ஸ்கி. அதிக கோலுக்கான கோல்டன் பூட்டும் வந்தது. நட்சத்திரச் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

'ஹென்றி பாஸ் கொடுத்தார், இவர் தட்டிவிட்டார்' என்பது சரியா?

பாதி சரி. பிராட்லி நாலு பேரைத் தாண்டி ஓடி கோல் போடுகிற ரகம் இல்லை, உயரமும் இல்லை. இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவே சரியான நொடியில் நழுவி, கோலுக்குப் பக்கத்தில் நின்று, அதிகம் தாமதிக்காமல் அடிப்பவர். இப்படிப்பட்டவருக்குப் பின்னாலிருந்து பந்து வர வேண்டும். தன் அப்பாவின் சாதனையை முறியடித்த ஹென்றியே அதைக் கொடுத்தது விளையாட்டில் அபூர்வமாக அமைகிற ஒரு பொருத்தம்.

ஆனால் ஹென்றி 2014 முடிவில் ரெட் புல்ஸை விட்டுப் போய், அதோடு ஓய்வும் பெற்றார். அடுத்த சில வாரங்களில் கோச்சும் மாறினார். அதன் பிறகும் 17, 24, 17, 20. 2016-ல் இரண்டாவது கோல்டன் பூட். அந்த வருடம் அவருக்குப் பின்னால் சாஷா கிளெஸ்டன் 20 அசிஸ்ட் கொடுத்து லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தார். பந்து கொடுப்பவர்கள் மாறினார்கள், கோச்சுகள் மாறினார்கள், ஆட்டமுறையும் மாறியது. முடித்து வைக்கிற ஆள் மட்டும் மாறவில்லை. மூன்று சீசன்களில் 20 அல்லது அதற்கு மேல் கோல் போட்ட முதல் எம்எல்எஸ் வீரர் அவர்தான்.

சரி, லீக் ஈஸியா?

பிரீமியர் லீக் அளவுக்குக் கடினம் இல்லை. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், அதே காலத்தில் வந்த மற்ற இங்கிலாந்து நட்சத்திரங்களும் கோல் மழை பொழிந்திருக்க வேண்டும். ஜெர்மைன் டிஃபோ 2014-ல் டொராண்டோவுக்கு வந்தார், 11 கோல் போட்டார், ஒரே சீசனில் திரும்பிவிட்டார். ஸ்டீவன் ஜெரார்டும் ஃபிராங்க் லம்பார்டும் 2015-ல் வந்து 2016-லேயே முடித்துக்கொண்டார்கள். அவர்கள் வந்தது மாலைநேர வயதில். பிராட்லி வந்தது 28-ல், ஸ்ட்ரைக்கர்களுக்கு உச்சமான காலத்தில்.

இங்கேதான் சார்ல்டனின் 22 கோல் உதவுகிறது. நாடு வேறு, லீக் வேறு, ஆனால் ஒரு விஷயம் பொது: தொடர்ந்து, நடு முன்வரிசையில், முதல் தேர்வாக இறக்கப்பட்ட சீசன்களில் அவர் கோல் போட்டிருக்கிறார். பெஞ்சிலும் விங்கிலும் கழித்த சீசன்களில் போடவில்லை. பிரீமியர் லீக்கிலும் 20 போட்டிருப்பார் என்று இது நிரூபிக்காது. இங்கிலாந்தில் கிடைத்த எண்களை வைத்து 'இவ்வளவுதான் இவர்' என்று முடிவு கட்டியது அவசரம் என்று மட்டும் சொல்லும்.

எல்லாம் கிடைத்ததா?

இல்லை. லீக் சுற்றில் அதிகப் புள்ளி எடுக்கும் அணிக்கான சப்போர்ட்டர்ஸ் ஷீல்டை ரெட் புல்ஸ் 2013, 2015, 2018-ல் வென்றது. ஆனால் அமெரிக்காவில் சாம்பியன் என்றால் அதன் பிறகு நடக்கும் பிளே-ஆஃபில் ஜெயித்து எம்எல்எஸ் கோப்பை தூக்க வேண்டும். 2014, 2015, 2018 என மூன்று முறை கிழக்குப் பிரிவு இறுதிவரை போய்த் தோற்றார்கள். 2019-ல் காயம், வெறும் 2 லீக் கோல், அதோடு ரெட் புல்ஸும் முடிந்தது. அந்தக் கிளப்புக்கு எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 126 கோல். 2020-ல் லாஸ் ஏஞ்சலிஸ் எஃப்சி அணிக்குப் போய் 8 கோல் போட்டு, மீண்டு வந்த வீரருக்கான லீக் விருதைப் பெற்றார். 2021-ல் கொலம்பஸ் அணியோடு ஆட்டம் நிறைவடைந்தது.

இதிலிருந்து நமக்கு என்ன?

ஒருவருடைய கேரியர் எண்ணைப் பார்க்கும்போது, அது அப்ரைசல் ஷீட்டாக இருந்தாலும் சரி, மூன்று கேள்வி கேளுங்கள். எந்த இடத்தில் வேலை செய்ய விட்டார்கள்? எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? இந்த மூன்றையும் மறைத்துவிட்டுக் காட்டப்படும் எண் பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை.

2018 ஜூலையில் பிராட்லி தன் 100-வது எம்எல்எஸ் கோலைப் போட்டார். ரெட் புல்ஸ் அவருடைய 99-ம் எண் ஜெர்சிக்கு ஓய்வு கொடுத்தது. கிளப்பின் வரலாற்றில் அந்த மரியாதை முதலில் கிடைத்தது உலகக் கோப்பை வென்ற ஹென்றிக்கு இல்லை, சார்ல்டன் வேண்டாம் என்று விட்டவருக்கு.