எசமானுக்கு விசா ரெடி, டாமிக்கு?

ஏற்காடு கிளியூர் அருவிப் பக்கம் குளிரில் ஓடித் திரிந்த நாயைப் போர்ச்சுகல் கடற்கரைக்குக் கூட்டிப் போக முடியுமா?

முடியும்! ஆனால் டிக்கெட் எடுத்த பிறகு யோசித்தால் காரியம் கெட்டது.

முதலில் தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட 'மைக்ரோசிப்' வைக்க வேண்டும். பிறகுதான் வெறிநாய்க்கடி தடுப்பூசி. சிப்புக்கு முன்பு போட்ட ஊசி கணக்கில் சேராது! 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய யூனியன் ஒப்புக்கொண்ட 'லேப்'புக்கு அனுப்பணும். அதில் பாஸானாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, 4 மாதம் போயே போச்சு!

"நான் முன்னால போறேன், நாய் பின்னால வரட்டும்" என்பவர்கள்தான் மாட்டிக் கொள்கிறார்கள். எசமான் பயணத்துக்கு 5 நாளுக்கு முன்போ பின்போ நாய் போயாக வேண்டும். தவறினால் வியாபாரச் சரக்குக்கான கெடுபிடிதான். ஆஸ்திரேலியா என்றால் இன்னும் மோசம்; இந்தியாவிலிருந்து நேராகக் கொண்டுபோகவே முடியாது.

கடைசியாக, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சென்னையிலுள்ள மத்திய அரசின் கால்நடை குவாரண்டைன் ஆபீசில் சர்டிபிகேட் வாங்க வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் கடலைப் பார்த்து டாமி குதிக்கும். மலை நாய்க்கு உப்புத் தண்ணீர் எங்கே தெரியும்? குடித்தால் வாந்திதான். மத்தியான மணல் பாதத்தைப் பொசுக்கிவிடும். காலையில் கூட்டிப் போங்க. கையில் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரும் இருக்கட்டும்.