பாம்பன் பாலமும் காற்றின் கணக்கும்

மண்டபத்திலிருந்து இராமேசுவரம் நோக்கிப் புகைவண்டியிற் சென்றவர்கள் ஒன்றைக் கண்டிருப்பீர்கள். பாம்பன் பாலத்தின்மீது வண்டி ஊர்ந்து செல்லுங்கால், சன்னல் வழியே கீழே நோக்கினால் பாலம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை, நீர்தான் தெரிகிறது. வண்டிக்கும் கடற்காற்றுக்கும் இடையே யாதொரு மறைப்பும் இல்லை. 1914-ஆம் ஆண்டு திறக்கப்பெற்று, 2022-ஆம் ஆண்டு டிசம்பர் வரை வண்டிகளைத் தாங்கிய பழைய பாலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரை மிஞ்சுமாயின் வண்டிகளை நிறுத்திவிடுவது விதியாக இருந்தது.

58 கிலோமீட்டர் என்பது பெரும் புயலன்று. விநாடிக்கு 16 மீட்டர்தான். ஆயினும் அக்காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 16 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையுடன் மோதும். ஒரு பெட்டியின் பக்கச் சுவர் சுமார் 60 சதுர மீட்டர் எனக் கொண்டால், பெட்டி ஒவ்வொன்றையும் ஏறத்தாழ ஒரு டன் பக்கவாட்டில் தள்ளுகிறது. காற்றின் வேகம் மும்மடங்கானால் இவ்விசை மும்மடங்காவதில்லை, ஒன்பது மடங்காகிறது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலில், பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் உத்தரங்கள் கடலிற் போயின. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அது சீர்செய்யப்பட்டது.

மேற்சொன்ன கணக்குக்குத் தாளும் எழுதுகோலும் போதும். ஆனால் பாலம் என்பது ஒரு சுவரன்று. காற்று இரும்புச் சட்டங்களின் ஊடே நுழைகிறது, விளிம்பிற் பட்டுப் பிரிகிறது, பின்புறம் சுழிக்கிறது. ஒரு சட்டத்தின் சுழி அடுத்த சட்டத்தின்மீது மோதுகிறது. இவற்றையெல்லாம் கணக்கிடக் கணிப்பொறியே துணை. காற்றையும் நீரையும் பாய்மங்கள் என்கிறோம். அவற்றின் ஓட்டத்தைக் கணிப்பொறியால் ஆராயும் துறை கணிப்பியப் பாய்ம இயக்கவியல் எனப்படும்.

இன்று பொறியாளர் ஒரு பாலத்தைக் கட்டுமுன் கணிப்பொறியிலே அதன் முப்பரிமாண உருவத்தை வரைந்துகொள்கின்றனர். அதனைச் சி.ஏ.டி. மாதிரி என்பர். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பெற்ற புதிய பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 18.3 மீட்டர் நீளமுள்ள கண்கள் 99. கப்பல் செல்லுவதற்காகச் செங்குத்தாக மேலெழும் கண் ஒன்று, 72.5 மீட்டர். இத்தகைய பாலத்தின் மாதிரி கையில் இருக்கும்போது, அதனை அப்படியே காற்றுக் கணக்கிற்குக் கொடுத்துவிடலாகாதா என நீங்கள் வினவலாம். ஆகாது.

ஏனெனில் அது பட்டறைக்காக வரையப்பட்டது. எந்தத் துளையில் எந்த மறையாணி என்பது கொல்லனுக்குத் தெரிந்தாக வேண்டும். காற்றுக்கு அக்கவலை இல்லை. அன்றியும் பட்டறையாளருக்கு வேண்டியது இரும்பு; நமக்கு வேண்டியதோ இரும்பு இல்லாத இடம். சிற்பி கொத்தி எறிந்தபின் எஞ்சும் கல் சிலையாகிறது. இங்கே எறியப்பட்ட பகுதியே பொருளாகிறது. ஆகவே பாலத்தைச் சுற்றிக் கற்பனையாக ஒரு பெரும் பெட்டியை அமைத்து, அதிலிருந்து பாலத்தின் உருவைக் கழித்துவிடுவர். எஞ்சும் வெற்றிடமே காற்று உலவும் களம். காற்று வரும் திசையில் அமைப்பின் உயரத்தைப்போல் 5 மடங்கும், செல்லும் திசையில் 15 மடங்கும் இடம் விடுதல் பொதுவழக்கு. சுழல்கள் பின்புறத்தே நெடுந்தூரம் நீளுவதால் அப்பக்கம் மிகுதியாக விடப்படுகிறது.

இக்களத்தை நுண்ணிய சிற்றறைகளாகப் பகுத்து, அறைதோறும் காற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் கணிப்பொறி கணக்கிடுகிறது. இப்பகுப்பினை வலை என்றே அழைக்கின்றனர். இக்கரையில் வாழ்வோருக்கு இப்பெயரை விளக்க வேண்டுவதில்லை. நெத்திலிக்கு ஒரு வலை, சீலாவுக்கு ஒரு வலை. கண்ணின் அளவு பிடிக்க வேண்டிய மீனைப் பொறுத்தது. கணிப்பொறி வலையும் அப்படியே. ஆனால் இங்கே நுண்மைக்கு விலை அதிகம். அறையின் பக்கத்தைப் பாதியாக்கினால் அறைகள் எட்டு மடங்காகின்றன. காலத்தையும் அதற்கேற்பச் சிறு சிறு கூறுகளாக்க வேண்டியிருப்பதால் உழைப்பு 16 மடங்காகிறது. ஒரு சென்டிமீட்டர் ஆணித்தலைக்காக வலையை நுணுக்கினால், 72.5 மீட்டர்ப் பாலத்தின் கணக்கு என்று முடியும்?

ஆதலின் மாதிரியைத் துப்புரவு செய்தல் முதற்பணி. ஆணிகள், மறைகள், பற்றவைப்பின் சிறு புடைப்புகள், பெட்டியின் உட்புற இருக்கைகள் ஆகியவை நீக்கப்படும். ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை வரையப்பட்ட பரப்புகளும், இரு தகடுகளுக்கிடையே மயிரிழையாய் நிற்கும் இடைவெளிகளும் களையப்படும். இவ்விடைவெளி அற்பமன்று. வள்ளத்தின் பலகை இடுக்கில் பஞ்சடைக்காமல் கடலில் இறக்குவார் உண்டோ? மாதிரியில் ஓரிடத்தில் ஓட்டை இருப்பின், உள்ளெது வெளியெது எனக் கணிப்பொறி அறியாது; காற்று மூடிய பெட்டியுள் புகுந்துவிடும். பெரும்பாலான நாட்கள் இவ்வோட்டைகளைத் தேடுவதிலேயே கழிகின்றன. கணக்கோ ஓரிரவில் முடிவதும் உண்டு. அளவலகிலும் விழிப்பு வேண்டும். மில்லிமீட்டரில் வரைந்ததை மீட்டராகப் படித்துக்கொண்டால் பாலம் ஆயிரம் மடங்கு பெருத்துவிடும். கணிப்பொறி அதற்காக வியப்படையாது.

எதை நீக்கலாம் என்பது எளிது. எதை நீக்கலாகாது என்பதிலேதான் அறிவு வேண்டப்படுகிறது. உத்தரத்தின் கூர்மையான விளிம்பை அழகுக்காகச் சற்றே உருட்டிவிட்டால் என்ன? காற்று அவ்விளிம்பில்தான் பிரிகிறது, விளிம்பு உருண்டால் அது பிரியுமிடம் மாறுகிறது, விசையும் மாறிவிடுகிறது. பின்னிய சட்டங்களின் இடைவெளிகளை அடைத்து ஒரே பலகையாக்கினால் வேலை எவ்வளவோ குறையும். ஆனால் பனைமட்டை வேலியும் மண்சுவரும் காற்றுக்கு ஒன்றாகுமா? அமெரிக்காவில் டக்கோமா நீரிணையின்மீது கட்டப்பட்ட தொங்கு பாலத்திற்குப் பக்கங்களில் பின்னற் சட்டங்களுக்கு மாறாகச் சுமார் எட்டடி உயரமுள்ள அடைத்த தகட்டு உத்தரங்களை வைத்தனர். 1940-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் காற்றில் அப்பாலம் முறுகி முறுகி ஆடி வீழ்ந்தது. பின்னர் 1950-இல் அவ்விடத்தே எழுப்பப்பட்ட பாலத்திற்கு ஆழமான திறந்த பின்னற் சட்டங்களே அமைக்கப்பட்டன. அந்த வேறுபாட்டை மாதிரியில் அழித்துவிடுபவர், கட்டப்பட்ட பாலத்தை விடுத்து வேறொரு பாலத்திற்கு விடை காண்கிறார். அதனினும் தீது, அவ்விடை மிக அழகான வண்ணப் படமாகவும் வரும்!

நடைபாதைக் கைப்பிடிக் கம்பிகள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. அவை மெல்லியவை, ஆயினும் பல. அவற்றை வைத்து ஒரு சிறு துண்டையும் நீக்கி ஒரு சிறு துண்டையும் கணக்கிட்டு, விடைகள் எவ்வளவு வேறுபடுகின்றன எனப் பார்த்தபின் முழுப் பாலத்திற்குச் செல்லுவதே முறை என்பது என் கருத்து.

கேள்வி மாறினால் மாதிரியும் மாறும். காற்றை மட்டும் ஆராய்வோர், கடல் மட்டத்தையே களத்தின் தரையாகக் கொண்டு, நீருக்குள் இருக்கும் தூண்களை வெட்டி எறிந்துவிடலாம். தூணின் அடியில் நீரோட்டம் மணலை அரிக்கிறதா என்று கேட்பவருக்கோ அத்தூண்களே முதன்மை. மேலுள்ள இரும்பை அவர் எறிந்துவிடுவார். இரண்டையும் ஒரே மாதிரியில் அடக்க முற்படுவது வீண் சுமை.

இன்னும் ஒன்று: மேலெழும் கண் தாழ்ந்திருக்கும் நிலை வேறு, 17 மீட்டர் உயர்ந்து நிற்கும் நிலை வேறு, இரண்டுக்கும் தனித்தனி மாதிரிகள் வேண்டும். வண்டி நிற்கையில் ஒன்று, வண்டி இல்லாதபோது ஒன்று. அருகிலேயே 1988-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திரா காந்தி சாலைப் பாலம் உயர்ந்து நிற்கிறது. அப்பக்கமிருந்து வரும் காற்று அதன் தூண்களைக் கடந்தே இருப்புப்பாதையை அடைகிறது. ஆகையால் அப்பெரும் பெட்டிக்குள் சாலைப் பாலத்திற்கும் இடம் ஒதுக்க வேண்டும். அதில் ஓடும் பேருந்துகளை விட்டுவிடலாம்.