கீழாநெல்லியின் தரநிர்ணயம்

மழைக்காலம் தொடங்கியதும் வயல் வரப்புகளிலும் வீட்டுக் கொல்லைகளிலும் தானாகவே முளைத்தெழும் சிறு பூண்டுகளுள் கீழாநெல்லியும் ஒன்று. காமாலைக்கு இதனை அரைத்து மோரிற் கலந்து கொடுப்பது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். வடமொழி வைத்திய நூல்கள் இதனைப் பூமியாமலகி என்றும் தாமலகி என்றும் கூறும். கைக்கெட்டும் இடத்தில் வளரும் இப்பூண்டினை ஆராய்வதற்குச் சோதனைச்சாலை எதற்கு என்று சிலர் வினவலாம். கடைச்சரக்கைப் பிரித்துப் பார்த்தவர் இவ்வாறு வினவமாட்டார். கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் கட்டப்பட்டு வரும் மூட்டைகளில் மூன்று நான்கு இனச்செடிகள் கலந்திருத்தல் உண்டு.

இக்குழப்பம் வியாபாரிகளால் மட்டும் விளைந்ததன்று; தாவர நூலாருக்கும் இதில் பங்குண்டு. இந்தியத் தாவர நூல்கள் நெடுங்காலம் இப்பூண்டைப் பில்லாந்தஸ் நிரூரி என்று குறித்து வந்தன. அப்பெயருக்கு உரிய உண்மையான செடி அமெரிக்க நாடுகளைச் சேர்ந்தது என்பதை 1957ஆம் ஆண்டில் வெப்ஸ்டர் என்னும் அறிஞர் தெளிவுபடுத்தினார். இந்தியாவில் நிரூரி எனப்பட்டது உண்மையில் அமரஸ், பிராடர்னஸ், டெபிலிஸ் என்னும் மூன்று இனங்களின் தொகுதியே என்று 1985இல் மித்ரா, ஜெயின் ஆகியோர் எழுதினர். தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது அமரஸ். இந்திய ஆயுர்வேத மருந்து நூலின் முதற்பகுதி தாமலகிக்கு உரியதாகக் குறிப்பிடுவதோ பிராடர்னஸ். ஆதலின், நூலின்படி மருந்து செய்கிறோம் என்று கூறும் இருவர் இருவேறு செடிகளைப் பயன்படுத்துதல் கூடும். (அமரஸும் அமெரிக்காவிலிருந்து வந்து பரவியதே எனத் தாவர நூலார் பலர் கருதுகின்றனர் என்பது இங்கு ஒரு சுவையான செய்தி.)

களத்தில் இவற்றைப் பிரித்தறிவதற்குப் பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி ஒன்று போதும். அமரஸின் பூவில் இதழ் போன்ற உறுப்புகள் ஐந்து; பிராடர்னஸிலும் டெபிலிஸிலும் ஆறு. அமரஸின் கிளைகளில், நுனியை நோக்கிய இலைக்கக்கங்களில் ஓர் ஆண்பூவும் ஒரு பெண்பூவும் சேர்ந்து காணப்படும். யூரினேரியா என்னும் இனத்தில் காய்கள் ஏறத்தாழக் காம்பின்றி ஒட்டியிருக்கும். காயின் மேற்புறம் சொரசொரப்பானது. விதையின் வரிகள் குறுக்காக ஓடும். அமரஸின் காய்க்குக் காம்புண்டு, மேற்புறம் வழுவழுப்பானது, விதைவரிகள் நெடுக்காக அமைந்தவை. மேலாநெல்லி எனப்படும் மடராஸ்படென்சிஸ் இனத்தை இன்னும் எளிதில் விலக்கலாம். கீழாநெல்லியின் சிறுகிளை ஒரு கூட்டிலை போலத் தோன்றும். மேலாநெல்லிக்கு அத்தோற்றம் இல்லை. ஆனால் இவ்வேறுபாடுகள் அனைத்தும் செடி முழுமையாக இருக்கும் வரையே பயன்படும். இடித்துப் பொடியாக்கியபின் கண்ணுக்குப் பச்சை நிறம் ஒன்றே எஞ்சும்.

இதனால் விளையும் நஷ்டம் யாது? 1988ஆம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் முதலியோர், ஹெபடைடிஸ்-பி கிருமியைத் தாங்கியிருந்தோருக்கு அமரஸ் பொடியை முப்பது நாட்கள் கொடுத்து, அதன் முடிவைத் தக்க ஒப்பீட்டுடன் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் அக்கட்டுரையின் ஆசிரியருள் ஒருவர். மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் மேற்பரப்புப் பொருள் பின்னர்க் காணப்படவில்லை; வெற்றுப்பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. உலகெங்கும் ஆவல் எழுந்தது. ஆயினும் தாய்லாந்து முதலிய நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் இப்பயன் கிட்டவில்லை. 2011இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வும் வெற்று மருந்தினும் இது மேலானது என்பதற்கு நம்பத்தக்க சான்று காணவில்லை. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் மருந்தே பயனற்றதா, செடி வேறா, விளைந்த மண் வேறா, உலர்த்திய முறை வேறா? ஒவ்வொரு சோதனையிலும் கொடுக்கப்பட்ட பொடி ஒரே அளவையால் அளந்து பதிவு செய்யப்பட்டிருந்தால், இக்கேள்விகளுள் சிலவற்றையேனும் அன்றே தள்ளியிருக்கலாம். தரநிர்ணயத்தின் அவசியத்துக்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

சோதனைச்சாலையில் முதலில் அந்நியப் பொருள்களைக் கையால் பொறுக்கி நிறுப்பர். பின்னர்ப் பொடியை எரித்துச் சாம்பலின் எடையைக் காண்பர். அச்சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் செடிக்கு இயல்பான உப்புகள் பெரும்பாலும் கரைந்துவிடும். கரையாமல் எஞ்சுவது பெரும்பாலும் மணலே. வேரோடு பிடுங்கி உதறாமல் கட்டிய சரக்கை இவ்வொரு சோதனையே காட்டிக்கொடுக்கும். நீரிலும் சாராயத்திலும் கரையும் பகுதியின் அளவு, ஈரப்பசை, ஈயம் முதலிய நச்சு உலோகங்கள், பூஞ்சணம் ஆகியவையும் கணிக்கப்படும்.

அடுத்தது இரசாயன அடையாளம். 1946இல் கிருஷ்ணமூர்த்தியும் சேஷாத்திரியும் இப்பூண்டிலிருந்து பில்லாந்தின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவும் ஹைப்போபில்லாந்தினும் இன்று அமரஸின் அடையாளப் பொருள்களாகக் கொள்ளப்படுகின்றன. சிலிக்கா பூசிய தகட்டில் சாற்றுத்துளியை வைத்துக் கரைப்பானை மேலேறவிட்டால் பொருள்கள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியும். அருகே தூய பில்லாந்தினை ஓடவிட்டு ஒப்பிட வேண்டும். அளவை நுட்பமாக அறிய உயரழுத்தத் திரவ நிறச்சாரல் பிரிகை முறை உதவும். இப்பொருள் இலையில் மிகுதி, தண்டில் குறைவு. எனவே இலை உதிர்ந்த கட்டு, இனம் சரியாக இருப்பினும், தரத்தில் தாழ்ந்ததே.

அடையாளப் பொருள் வேறு, நோய் தீர்க்கும் பொருள் வேறு. பில்லாந்தின் மிகுந்த பொடி நோயை மிகுதியாகத் தீர்க்கும் என்று கொள்வதற்கு ஆதாரமில்லை. காமாலை என்பது பல நோய்களின் அறிகுறி. ஹெபடைடிஸ்-பிக்குத் தடுப்பூசியும் தக்க மருந்துகளும் உள்ளன என்பதையும் ஆசிரியர்கள் மாணவர்க்குக் கூறவேண்டும்.

மாதிரி எடுக்கும் களப்பணியாளர், சரக்கைக் கூம்பாகக் குவித்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டை மட்டும் சேர்த்து மீண்டும் அவ்வாறே குறைத்துவர வேண்டும். மேலாக உள்ளதை மட்டும் அள்ளினால் அடியில் தங்கிய மண்ணும் தூளும் கணக்கில் வாரா. பறித்த இடம், நாள், செடியின் பருவம், உலர்த்தியது நிழலிலா வெயிலிலா என்பவற்றைச் சீட்டில் எழுதுக. அதே இடத்தில் பூவும் காயும் கொண்ட ஒரு முழுச்செடியைத் தாளிடையே அழுத்தி உலர்த்தி, அதே எண்ணிட்டு மாதிரியுடன் அனுப்புக. பொடியைப் பற்றிப் பின்னர் ஐயம் எழுந்தால் சோதனைச்சாலையார் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தத் தாளையே.