ஒளிர்வதெல்லாம் சான்றாகுமா?

'ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது' என்ற வாசகத்தை இன்று தேநீர்ப் பொட்டலம் முதல் சத்துமாவு வரை காண்கிறோம். ஒரு பொருளுக்கு அத்தகைய ஆற்றல் உண்டா என்று செல்களில் சோதிக்க ஆய்வகங்கள் பெரிதும் நாடுவது ஒளிரும் சாயங்களை. மாணவனாக இருந்தபோது, உயிருள்ள செல் ஒன்று நுண்ணோக்கியின் கீழ் பச்சையாக ஒளிர்ந்ததைக் கண்டு, ஹைட்ரஜன் பெராக்சைடையே நேரில் கண்டுவிட்டதாக நானும் நம்பினேன். அது முழு உண்மையன்று என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் சிறு பகுதி, செல்களில் ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறுகிறது. அளவோடு இருந்தால் அது செல்லுக்குள் செய்தி கடத்த உதவும். அளவு மீறினால் புரதத்தையும் மரபணுவையும் சிதைக்கும். நொதிகள் அதை விரைந்து அழித்துவிடுவதால், செல்லை உடைத்து அளப்பதற்குள் மறைந்துவிடும். ஆகவேதான் உயிருள்ள செல்லிலேயே அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம் தேவைப்படுகிறது.

இதற்குப் பரவலாகப் பயன்படுவது டைகுளோரோஃபுளோரசீன் வகைச் சாயம். ஒளிராத நிலையில் செல்லுக்குள் நுழையும் இது, ஆக்சிஜனேற்றம் அடைந்தபின் நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும். ஆனால், ஹைட்ரஜன் பெராக்சைடு இதனோடு நேரடியாக வினைபுரிவதில்லை. இரும்போ பெராக்சிடேஸ் நொதியோ இடையில் வேண்டும். ஒளி கூடினால், கூடியது பெராக்சைடா, இரும்பா? ஒளியை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. வேலியே பயிரை மேய்ந்தாற்போல, வினையின் இடையில் தோன்றும் சாயத்தின் நிலையற்ற வடிவம் ஆக்சிஜனோடு சேர்ந்து புதிதாகப் பெராக்சைடு உருவாகவும் வழிசெய்கிறது.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. 2004-இல் பெர்க்லியில் கிறிஸ்டோபர் சாங் குழுவினர், தன்னிடமுள்ள போரான் கூற்றைப் பெராக்சைடு நீக்கியதும் ஒளிரும் சாயத்தை உருவாக்கினர். ஆனால், போரான் சாயங்கள் பெராக்சிநைட்ரைட்டோடு இன்னும் வேகமாக வினைபுரியும். 2006-இல் ரஷிய ஆய்வாளர்கள், பெராக்சைடை உணரும் பாக்டீரியப் புரதத்தை ஒளிரும் புரதத்தோடு இணைத்து 'ஹைப்பர்' என்ற உணரியை அமைத்தனர். செல்லின் அமிலத்தன்மை மாறினாலும் அதன் ஒளி மாறும்.

எனவே, எந்தச் சாயமும் தனிச்சாட்சி ஆகாது. செல்லில் கேட்டலேஸ் நொதியை மிகுவித்தால் ஒளி குறைகிறதா என்று பார்க்க வேண்டும். வேறொரு முறையிலும் உறுதி செய்ய வேண்டும். மூலிகைச் சாறு பச்சை ஒளியைக் குறைத்தது என்றால், அச்சாற்றின் நிறமே ஒளியை விழுங்கியிருக்கவும் கூடும். அதை நோய் தடுக்கும் மருந்தாக அறிவிக்குமுன், ஒளியைக் குறைத்தது எது என்று கேட்பதே அறிவியல். விலை கொடுத்து வாங்கும் நாமும் அதையே கேட்கப் பழக வேண்டும்.