பெரிய டிவி வாங்கப் போகிறீர்களா?

பென்னாகரம், அரூர் பக்கமிருந்து பெரிய டிவி வாங்க தருமபுரிக்குக் கிளம்பும் நேயர்களே! 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. வரி சேர்க்காமல் 30,000 ரூபாய் டிவி முன்பு 38,400, இப்போது 35,400. இந்த 3,000 வரிக் குறைப்பில் வந்தது. கடைக்காரர் இதையே தள்ளுபடி என்றால், "உங்க பங்குக்கு எவ்வளவுண்ணா குறைப்பீங்க?" என்று சிரித்தபடியே கேளுங்கள்.

கடையில் காட்சிக்கு ஓடிய டிவி இன்னும் மலிவாகக் கிடைக்கலாம். திரை முழுக்க வெள்ளையாக வரவைத்து, கரும்புள்ளியோ கோடோ தெரிகிறதா என்று பாருங்கள். வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பில் போடாமல் குறைத்துத் தருகிறேன் என்றால், வேறு கடை பாருங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.