கரைசலில் வளரும் குறைகடத்திப் படலம்

உலோகத்தைப் போல மின்னை எளிதிற் கடத்தாமலும், கண்ணாடியைப் போல முற்றாகத் தடுக்காமலும் இடைநிற்கும் பொருளே குறைகடத்தி எனப்படும். இதனை மென்படலமாக்குதற்கு வெற்றிடக் கலமும் கடும் வெப்பமும் இன்றியமையாதன என்பது பலர் எண்ணம். ஆயின், முகவையும் வெந்நீரும் கொண்டே படலம் வளர்க்கும் முறையும் உண்டு.

கட்மிய உப்புக் கரைசலில் அமோனியாவும் தயோயூரியாவும் சேர்த்து, கண்ணாடித் தகட்டை அமிழ்த்தி, 60 முதல் 90 பாகை வரை சூடேற்றுவர். அமோனியா எதற்கு என மாணாக்கர் வினவுவதுண்டு. அது கட்மிய அயன்களைப் பிணித்துவைத்துச் சிறிது சிறிதாகவே விடுவிக்கும். தயோயூரியாவும் காரக் கரைசலில் மெல்லச் சிதைந்தே கந்தகத்தை அளிக்கும். இவை விரைந்து கூடின், மஞ்சள் வீழ்படிவாய் அடியிற் படியும். மெல்லக் கூடினாலோ, கட்மியஞ் சல்பைட்டு தகட்டைப் பற்றிப் படலமாய் வளரும். கட்மியம் நஞ்சாதலின் பள்ளி ஆய்வுகூடத்தில் இதனைச் செய்தல் தகாது.

இனி, கலகெதரையில் வாழும் நமக்கு அண்மையிலுள்ள செய்திக்கு வருவாம். கண்டி நகரருகே ஹந்தானை மலைச்சாரலில் அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் உளது. 1991இல் சுவிற்சர்லாந்திலே கிரேற்செல் என்பார், தைத்தானியம் ஈரொட்சைட்டின் நுண்டுளைப் படலத்திற் சாயமேற்றிய சூரியக்கலத்தை வெளிப்படுத்தினார். அதனுள் இருந்ததோ திரவம். கசிதலும் ஆவியாதலும் அதன் குறைகள். 1995இல் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனும் குழுவினரும் ஹந்தானையில் அத்திரவத்தை நீக்கி, செப்பு அயடைட்டு என்னுந் திண்மக் குறைகடத்தியை இட்டனர். அதனை அசற்றோநைத்திரைலிற் கரைத்து, சூடேற்றிய படலத்தின்மேற் சொட்டுச் சொட்டாக விட்டனர். கரைப்பான் ஆவியாக, அயடைட்டு துளைகளிற் படிந்தது. நம் மலையில் நிகழ்ந்த இதனை நம்மிற் பலர் அறியாதிருத்தல் வருந்தத்தக்கது.

ஆயினும் இடரொன்று எழுந்தது. அயடைட்டின் பளிங்குகள் துளைகளிலும் பன்மடங்கு பெரியனவாய் வளர்ந்து உட்புகாது நின்றன. சாயத்தோடு தொடுகையும் தளர்ந்தது. சீனிப்பாகு காய்ச்சுவோர் அது பூத்துப்போகாமைக்குச் சிறிது எலுமிச்சஞ்சாறு விடுவர் அன்றோ? அதனை ஒத்ததே இங்குக் கண்ட தீர்வும். கரைசலிலே தயோசயனேற்று உப்பொன்றைச் சிறிதளவு கலந்தால், அது பளிங்கின் பரப்பைப் பற்றி மேலும் வளரவிடாது தடுக்கும். இலங்கையரும் யப்பானியரும் சேர்ந்து 2002இல் இதனை வெளியிட்டனர். சிறுத்த பளிங்குகள் துளைகளுட் புகுந்து நிரம்பின; கலமும் முன்னையினும் நெடிது உழைத்தது.